கரண்டி தூக்கிய கை

டெவன்போர்ட் ரோபோ பொழுதுபோக்குச் சங்கத்தின் செயற்குழுவுக்கும், அதன் வழியாக உலக மக்கள் அனைவருக்கும் மிக முக்கியமான ஓர் அறிவிப்பு: இந்தத் தீவின் வடகரையில் செத்துப்போன சர்க்யூட் போர்டை என்னைவிட வேகமாக எழுப்ப ஆள் கிடையாது. என்னிடம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இதிலிருந்தே தொடங்குகிறேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஜன்னலோர மேசை என்னுடையது. ஓடாத சக்கரம், எரியாத விளக்கு எதுவானாலும் அங்கேதான் வரும். 'டாக்டர் நெவில்' என்பார்கள். தலைவர் மர்ரே மட்டும் 'பல் டாக்டர்' என்பார். எனக்குப் பிடுங்கத்தான் தெரியுமாம். அவர் செய்த ரோபோ நாய் பின்பக்கமாக மட்டுமே நடக்கும் என்பதை இங்கே குறிப்பிடத் தேவையில்லை.

க்ளெனிஸ் மார்ச்சில் வந்தாள். அவள் கணவர் ராஸுக்குக் கைநடுக்கம். கரண்டி வாய்க்குப் போவதற்குள் சூப் சட்டைக்குப் போய்விடும். ஊட்டிவிடலாம் என்றால் அவளுக்குத் தோள்வலி, கையைத் தூக்க முடியவில்லை. ஆகவே ஒரு சின்ன போர்டும் நான்கு மோட்டாரும் வைத்து, கரண்டி தூக்கும் கை ஒன்றைத் தானே செய்திருந்தாள். மே மாதம் முதியோர் பராமரிப்புத் துறையின் மதிப்பீட்டு அதிகாரி வருவார். ராஸ் பிறர் உதவியில்லாமல் சாப்பிட்டால் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம்.

அந்தக் கை கரண்டியைத் தூக்கியதும் வலிப்பு வந்ததுபோல் உதறியது. போர்டுக்கு ஒரு பேட்டரி, மோட்டாருக்கு ஒரு பேட்டரி. இரண்டையும் இணைக்கும் கறுப்பு வயர் கழன்றிருந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் கோட்டை விடுகிற இடம்.

சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னால் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். என் வீட்டில் கெட்டிலைத் தவிர எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை. சிக்கலான கேஸ், விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அவள் போனதும் வயரை ஒழுங்காகச் செருகினேன். பிறகு அதை முன்னும் பின்னுமாக வளைத்தேன். பக்குவமாகச் செய்தால் மேலுறை அப்படியே இருக்கும். உள்ளே செம்பு மட்டும் முறியும்.

பழுது பார்க்கும்போது ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது நம் சங்க விதி. மதித்தேன். ஒரு சனிக்கிழமை பேட்டரி, அடுத்தது மோட்டார், அதற்கடுத்தது நிரல். அவள் பக்கத்தில் அமர்ந்து ஆப்பிள் கேக் வெட்டித் தருவாள், ராஸின் மீன்பிடிப் புளுகுகளைச் சொல்லிச் சிரிப்பாள். ஒருநாள் மர்ரே மீட்டரோடு வந்து, வயர்களைச் சோதித்துப் பார்க்கட்டுமா என்றார்.

"முதல்ல உங்க நாயை நேரா நடக்க வைங்கய்யா," என்று அனுப்பிவைத்தேன்.

அதிகாரி வந்த அன்று அந்தக் கை தக்காளி சூப்பை ராஸின் கண்ணில் ஊற்றியது. அடுத்த வாரமே இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே அன்னியர் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை என்று மனிதர் பிடிவாதமாக இருந்துவிட்டார். ஜூலையில் அடக்கம். நல்ல கூட்டம், சாண்ட்விச் சுமார்.

மறுவாரம், மறுபடி என் மேசைக்கே வந்திருந்த அந்தக் கைக்குப் புது வயர் போட்டு, அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எடுத்த வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. கஸ்டர்டு வைத்து ஓட்டிக் காட்டினேன். ஒரு சொட்டும் சிந்தாமல், உட்கார்ந்திருப்பவரின் வாய் உயரத்துக்கு ஏறி நின்றது. எதிர் நாற்காலி காலி.

க்ளெனிஸ் கரண்டியிலிருந்த கஸ்டர்டை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். என்னதான் பழுது என்று கேட்டாள். ஒரே ஒரு வயர் என்றேன்.

"அடப் பாவமே," என்று என் முழங்கையைத் தட்டினாள். "இவ்வளவு பெரிய டாக்டருக்கே ஒம்பது வாரம் தேடியும் கிடைக்கலையா?"

நான் பொறுமைசாலிதான். தொழிலில் குறை சொன்னால் மட்டும் தாங்காது.

"முதல் சனிக்கிழமையே கண்டுபிடிச்சிட்டேன்," என்றேன்.