மிர்தாலா கடையில் ஒரு துண்டு சீஸ்

ஹலோ... ஹலோ, டினோரா? ... கேக்குதா? ... கேக்கலைன்னா எப்படிடி பதில் சொல்ற. ... போ, அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட போய் நில்லு. வீட்டுக்குள்ள சிக்னல் வராதுன்னு உனக்குத் தெரியாதா. ... ம். ... ம், ம், இப்ப கேக்குது. மாடு கத்துறதுகூடக் கேக்குது.

நான்தான், அக்கா. ... மேரிலாண்டுல இருந்து உனக்கு வேற யாரு போன் பண்ணப் போறா. ... வேலைக்குப் போகல, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைல்ல. துணி துவைக்க வந்தேன். மெஷின்ல போட்டிருக்கேன், நாப்பது நிமிஷம் ஆகும். வெளியில மழை ஊத்துது. அதான் பக்கத்துக் கடையில வந்து உக்காந்திருக்கேன். ... எந்தக் கடைன்னு சொன்னா சிரிப்ப. மிர்தாலா கடை. ... ஆமா, அவளேதான். ஏரிக்கு அந்தக் கரை மிர்தாலா. என்கூட ஆபீஸ் ஆபீஸா கூட்டித் துடைச்சிட்டு இருந்தவ. துடைக்கிற மெஷினை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூட நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்ப முதலாளியம்மா. முன்னாடி மளிகை, பின்னாடி ஆறு மேஜை போட்டு சாப்பாடு. ... ஏன் "ஓ"ங்கற? ... சரி, அதை விடு. முதல்ல விஷயத்தைக் கேளு.

டிக்கெட் போட்டாச்சு. ... ஆமாடி. டிசம்பர் பன்னெண்டு. மத்தியானம் ரெண்டு மணிக்கு இறங்குறேன். ... ஆமா... ஆமா, பத்தொன்பது வருஷம். இப்பத்தான் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குக் காகிதம் கொடுத்திருக்கான். ... அழுதேன்தான், அதுக்கென்ன இப்ப. நீ ஏர்போர்ட்டுக்கு வரணும். அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். ... வண்டி அனுப்புறியா? நான் என்ன வெங்காய மூட்டையா, ஏத்திவிடச் சொல்லி ஆளனுப்ப? நீ வரணும். வாசல்ல நிக்கணும். எல்லாருக்கும் குடும்பமே வந்து நிக்கும், பலூன் பிடிச்சிட்டு, பேரு எழுதின அட்டையைத் தூக்கிட்டு. நான் மட்டும் அநாதையா பெட்டியைத் தள்ளிட்டு வரணுமா? ... பாக்கலாமா? என்னத்தைப் பாக்கலாம்? ... மாடு ஈனப் போகுதா. சரியா டிசம்பர் பன்னெண்டு, ரெண்டு மணிக்கா? உன்கிட்ட வந்து சொல்லிச்சா?

... இரு, இரு, சாப்பாடு வருது. ... ம், வை. அங்க இல்ல, இங்க வை. ... இது வேண்டாம், எடுத்துட்டுப் போ.

... முள்கரண்டிடி. புப்பூசாவுக்கு முள்கரண்டி வைக்கிறா. பூரணம் வச்சுச் சுட்ட ரொட்டி, கையால பிச்சுத் திங்கிற பண்டத்துக்கு. வெள்ளைக்காரன் எவனாவது வருவான்னு பாக்குறா போல. ஒருத்தனையும் காணோம். சேத்துப் பூட்ஸோட கட்டட வேலைக்காரங்கதான் வரிசையா உக்காந்திருக்காங்க. ... ஆமா, கூட்டம்தான். மழை பெஞ்சா மாட்டுக் கொட்டாய்லகூடத்தான் கூட்டம் இருக்கும்.

இந்தக் கடையை நீ பாக்கணுமே. ஒரே அலமாரியில மேல மாதா மெழுகுவத்தி, கீழ கரப்பான் மருந்து. பக்கத்துல சோப்பு, சோப்புக்குப் பக்கத்துலயே வெல்லம். பொறந்தநாளைக்கு அடிச்சு உடைக்கிற காகிதப் பொம்மையெல்லாம் மேஜைக்கு மேல கட்டித் தொங்கவிட்டிருக்கா. கழுதைப் பொம்மை ஒண்ணு என் தலைக்கு நேரா தொங்குது. அதோட வாலுல இருந்து காகிதம் உதிருது. ... சிரிக்காத, என் சூப்புல விழுந்துச்சு. பச்சைக் காகிதம். கொத்தமல்லின்னு நெனச்சு ஒரு வாய் மென்னேன்.

செவுத்துல எரிமலைப் படம். கீழ பெருசா "இசால்கோ"ன்னு எழுதியிருக்கா. நம்ம இசால்கோவுக்கு அடியில எங்கடி ஏரி இருக்கு? அது குவாத்தமாலாக்காரன் மலை. இந்த நாட்டுக்கு வந்து ஊரையே மறந்துட்டா. ... ஆமா, குவாத்தமாலாக்காரனுக்கு ஒரு சாப்பாடு, ஹோண்டுராஸ்காரனுக்கு ஒரு சாப்பாடு, நமக்கு ஒண்ணுன்னு பலகையில எல்லாம் எழுதிப் போட்டிருக்கா. எல்லாரையும் வளைச்சுப் போடணும்னா எதுவும் உருப்படியா வராது.

இரு, தின்னு பாத்துட்டுச் சொல்றேன். ... ... ம். நெனச்சேன். மாவு தடிமன். உள்ள இருக்கிற பூரணத்தைத் தேடிப் போறதுக்குள்ள மெஷின்ல துணி காஞ்சிடும். முட்டைக்கோஸ் இன்னிக்குக் காலையில நறுக்கினது. ஊறவே இல்ல. ஜாடியில மூணு நாளாவது கிடக்க வேண்டாமா? தக்காளிச் சாறு வெறும் தண்ணி. ... வீட்டுல ஒரு ஆடுகூட இல்லாதவ, இவளுக்கு எங்க இருந்துடி கைப்பக்குவம் வரும். ... ஏன், நான் தப்பாவா சொல்றேன்? ... அவ அப்படி இல்லையா? அவளைப் பத்தி உனக்கென்ன தெரியும், நீ அங்க நம்மூரு மெத்தபான்ல உக்காந்துக்கிட்டு.

பீன்ஸ் பரவாயில்ல. கூட ஒரு துண்டு கெட்டிச் சீஸ் வச்சிருக்கா... இரு. ...

... ... இல்ல, இல்ல, இருக்கேன். வாயில இருக்கு. ...

டினோரா, இது வேற. ... சீஸைச் சொல்றேன். இது இவ செஞ்சது இல்ல, சத்தியமா இல்ல. இவ மாட்டு வாலைக்கூடப் பிடிச்சதில்ல. பல்லுல பட்டதும் பொடியுது, அப்புறம் நாக்குல அப்படியே கரையுது. உப்பு எண்ணிப் போட்ட மாதிரி இருக்கு. எந்த மகராசி செஞ்சாளோ, அவ கைக்குத் தங்கக் காப்பு போடலாம். ... நெசமாத்தான் சொல்றேன். நான் எதையாவது சும்மா நல்லா இருக்குன்னு சொல்லுவேனா? ... அதான். நீ இதைத் தின்னு பாக்கணும், தின்னு கத்துக்கணும். சொன்னா கோச்சுக்காத, உன் சீஸ் சுண்ணாம்புக் கட்டிடி. ஒரு தடவை உப்புக் கரிக்கும், ஒரு தடவை புகை வாடை அடிக்கும். பதினோரு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன், காதுல வாங்கினாத்தானே. ... எதுக்குச் சிரிக்கற? ... இருமலா? இருமல் மாதிரி இல்லையே.

சரி, அந்தச் சுண்ணாம்புக் கட்டிகூட இப்ப வர்றதில்ல. நாலு மாசம் ஆச்சு. தோயா அக்கா மாசம் ரெண்டு தடவை ரெண்டு பெட்டியைத் தூக்கிட்டுப் பறந்து வந்து, வீடு வீடா பொட்டலம் கொடுக்கிறா. ஒருத்திக்குச் செருப்பு வருது, ஒருத்திக்கு முட்டிவலி தைலம் வருது, மாடி வீட்டு ரொசிபெலுக்குப் பொரிச்ச நண்டே வருது. நண்டை விடுறான், என் சீஸை மட்டும் ஏர்போர்ட்டுல பிடுங்கிடுறான். ... ஆமா, நீதான் சொன்ன. தோயா அக்காவும் அப்படித்தான் சொன்னா. ... நாலு மாசமுமா? ... ம். சரி, ராசி அப்படி.

... இரு, இவகிட்ட ஒண்ணு கேக்குறேன். மிர்தாலா... இந்தச் சீஸ் எங்க வாங்கின? ... ஊர்ல இருந்தா. எந்த ஊரு? ... யாரு செய்யறாங்க? ... பாத்தியாடி, சொல்ல மாட்டேங்கிறா. ஈரக் கைய ஏப்ரன்ல துடைச்சுக்கிட்டு உள்ள ஓடுறா. பெரிய ரகசியம். போகட்டும், நானே போய்ப் பாக்குறேன். கண்ணாடிப் பெட்டியில முழுக் கட்டியாவே வச்சிருக்கா. ... நீ ஏன் பதறுற? நான் என்ன திருடவா போறேன். ... சாப்பாடு ஆறட்டும், அந்தச் சாப்பாட்டுக்கு என்ன.

... ம்... மாவுச் சாக்குத் துணியில சுத்தியிருக்கு. நம்மூர்ல எல்லாரும் அப்படித்தான் சுத்துவாங்க. ... ஒரு பக்கம் துணி விலகியிருக்கு. ... ...

டினோரா.

... இந்தக் கட்டி மேல ஒரு கோடு இருக்கு. ... குறுக்கால. மூலைக்கு மூலை, தழும்பு மாதிரி புடைச்சுக்கிட்டு. ... லைன்ல இருக்கியா? ... இது அப்பாவோட சீஸ் அச்சுப்பெட்டி. அடிப்பலகையில விரிசல் விட்டது. கிணத்தடியில அதைக் கீழ போட்டு உடைச்சது நான்தான், எனக்குத் தெரியாதா அந்தக் கோடு? ... ஆமா, அடி வாங்கினது நீ. நீ உடைச்சதா நான்தான் சொன்னேன். அது வேற கதை. இப்ப அதுவா முக்கியம்?

... அப்ப ஏர்போர்ட்டுல பிடுங்கினாங்கன்னது? ... ... ம். ... தோயா அக்காவும் கூட்டா? ... எனக்கு வர வேண்டியதை, போயும் போயும் இவளுக்கா? இந்த ஆடில்லாத வீட்டுக்காரிக்கா? ... சொல்லு. ... சொல்லு, கேக்குறேன். ...

... ...

... ம். ... ஞாபகம் இல்ல. ... அப்படியா சொன்னேன்? செவுத்துக்குப் பூசலாம்னா? ... விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன்டி. ... கிறிஸ்துமஸுக்கா? ... ... நாய்க்குப் போட்டேன்னு சொன்னேன். சொன்னேன்தான். ஆனா போடல டினோரா. எங்கிட்ட நாயே கிடையாது.

... மிர்தாலா போன் பண்ணுவாளா? ஒவ்வொரு கட்டி வந்து சேர்ந்ததுமா? ... என்ன சொல்லுவா? ... அவ்வளவுதானா? அந்த ரெண்டு வார்த்தைக்காகவா? ... ... அழாத. ... அழலையா. சரி, அழல.

... அப்ப ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேங்கறதும் இதுக்குத்தான். மாடு ஈனுறதெல்லாம் சும்மா. ... நான் வந்து வீட்டைப் பாத்து மூக்கைச் சுளிப்பேன்னு. ... ... டைல்ஸ் போட்டியா? தரை பூராவா? எனக்காகவா? ... என்ன கலர்? ... பச்சையா. பச்சை டைல்ஸ் யாராவது போடுவாங்... இல்ல. இல்ல இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. பச்சை போடலாம். நல்ல கலர்தான். ... டினோரா, வைக்காத. வைக்காத, கேளு. ஒரே ஒரு ஆள் வாசல்ல நிக்கணும்னுதான் கேக்குறேன். அம்மா இல்ல, அப்பா இல்ல. எனக்கு அங்க வேற யாருடி இருக்கா. நீ வரலைன்னா நான் எந்த மூஞ்சியோட அந்த வாசல்ல வெளிய வர்றது?

... என்ன? ... திரும்பச் சொல்லணுமா? எதை? ... அது இவ கடைச் சீஸ்னு நெனச்சுச் சொன்னது. யார் செஞ்சதுன்னு தெரியாமச் சொன்னது. ... தெரிஞ்சே சொல்லணுமா. ... சொன்னா வருவியா? ... முதல்ல சொல்லணுமா. எப்ப இருந்துடி இவ்வளவு அழுத்தம் உனக்கு. ... இங்க எல்லாரும் பாக்குறாங்க. பூட்ஸ்காரன் சாப்பிடுறதை நிறுத்திட்டான். இவ வேற கரண்டியோட வந்து நின்னு கேக்குறா. வீட்டுக்குப் போய்ச் சொல்றேனே. ... ராத்திரி? ... சரி. சரி, இரு. தொண்டையில பீன்ஸ். ...

... நல்லா இருக்கு. ... உன் சீஸ்தான். உன் சீஸ் நல்லா இருக்கு. ... இப்ப இல்லடி, எப்பவுமே. பதினோரு வருஷமும் நல்லாத்தான் இருந்துச்சு. தோயா அக்கா படி இறங்கிப் போறதுக்குள்ள பிரிச்சு, நின்னுக்கிட்டே தின்னுடுவேன். பாதிக் கட்டி அப்பவே காலி. அது சுத்தி வந்த துணியைக்கூட உடனே துவைக்க மாட்டேன். அந்த வாடை வந்ததும் கொட்டாய் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். அம்மாவைப் பொதைச்சப்பகூட என்னால வர முடியலையே, அந்தக் கோவம். நீ அங்க இருக்க, நான் இங்க இருக்கேனேன்னு கோவம். அதை யார் மேல காட்டுறது? வேற யாரு என் பேச்சைக் கேட்டுக்கிட்டு மறுபடி மறுபடி அனுப்பினா? அதான் உன்மேலயே... டினோரா? ... டினோரா, நீ வரணும். கேக்குதா? ... ஹலோ? ... தொட்டிகிட்ட நில்லுடி... ஹலோ? ... ஹலோ?

...

போச்சு. எது வரைக்கும் கேட்டாளோ.

... நீ என்ன பாத்துட்டு நிக்கற? அடுப்புல ஏதோ கருகுது பாரு. ... நான் ஒண்ணும் அழல. உன் மிளகாச் சாறு கண்ணுல பட்டுடுச்சு. அதுவும் வாய்க்கு விளங்கல. ... அவ போன் பண்ணுவா, பண்ணட்டும். என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும், நீ சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

ஒரு பவுண்டு வெட்டு. ... அந்தப் பக்கம் இல்ல மிர்தாலா. தழும்பு இருக்கிற பக்கமா வெட்டு.