ஒரே நூலில் கட்டிய இரண்டு வீடு

– அந்த நீலச் சேர்ட்டையும் பையில வைங்க. கிழிஞ்சத உடுத்திக்கிட்டுப் போனா கொழும்புல ஒங்கட சகலன் அர்ஷாத் சிரிப்பாரு.

– நக்கலடிக்காத, சுல்பிகா.

– நக்கலா? வேளாண்மை நல்ல வெளச்சல். மூணு நேரமும் சோறு. ஒங்களுக்கு என்ன குறை, சொல்லுங்க பாப்பம்?

– குறையெண்டு ஒண்டுமில்ல.

– பொறகென்னத்துக்குக் கொழும்பு?

– அங்கால பாரு புள்ள. ஒங்கட வாப்பா ரெண்டு மகளுக்கும் ஒரே நூல் புடிச்சிக் கட்டித் தந்த வீடு. ஒரே கதவு, ஒரே ஓடு. இப்ப ஒந் தங்கச்சிட வீட்டுக்கு மேல்மாடி. அதுட நெழல் நம்மட முற்றத்துல விழுகுது.

– மொளகா காயப்போடுற எனக்குத்தான் அதால கரைச்சல். ஒங்களுக்கென்ன?

– பள்ளிவாசலுக்குப் போனா, அர்ஷாத்ட சகலன் வாராராம்! நளீர் எண்டு எனக்குப் பேரில்லையா? என்ட வயல்ல கூலிக்குக் கதிர் அறுத்தவன் அவன்!

– ஆ, இப்பதான் உள்ளது வாயால வருது. பசிக்கிப் போறவன் இரிக்கான், கடனுக்குப் போறவன் இரிக்கான். நீங்க எரிச்சலுக்குப் போறீங்க. தூ!

– ஒனக்கென்ன தெரியும்?

– ஏன் தெரியா? உழவு மெசின், அந்த லேண்ட்மாஸ்டர் வாங்கின அண்டு, அவர்ர வாசல்ல நிப்பாட்டி ஹோன் அடிச்சீங்களே. அந்தக் கிழமையே மனிசன் கொழும்பு பஸ் ஏறினாரு. தங்கச்சி ஜெனூபா அழுதழுது சொன்னாள்.

– சந்தோசத்துல அடிச்சன்.

– சந்தோசமாம்! அவரு புடவைக் கடையில மூட்டை தூக்கி, கடைக்குள்ளயே படுத்தெழும்பித்தான் அந்த மாடி. அதுல நிம்மதியா ஒரு நித்திரை கொண்டிருப்பாரா? நீங்களும் போய்ப் படுங்க.

– படுப்பன். அவன்ட மாடியவிட ஒரு முழம் ஒசத்திக் கட்டுவன்.

– மாஷா அல்லாஹ்! வயல ஆரு பாக்கிற?

– மூணு வருசக் குத்தகைக்குக் குடுத்திட்டன். லேண்ட்மாஸ்டரையும் சேத்து. புரோக்கர் சாலிஹ்தான் முடிச்சித் தந்தாரு.

– எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லாமயா! ஆருக்குக் குடுத்தீங்க?

– கொழும்புல இரிக்கிற ஆரோவாம். ஊருக்கு வந்து வேளாண்மை செய்யப் போறானாம். பேரு நான் கேக்கல்ல.

– யா அல்லாஹ்! அப்ப அது இதுதானா?

– எது?

– காலையில ஜெனூபா சிரிச்சிக்கிட்டு வந்தாள். "ராத்தா, இவரு கொழும்ப உட்டுட்டு வாராரு. சாலிஹ் காக்கா நல்ல வயலொண்டு புடிச்சித் தந்திரிக்காரு, லேண்ட்மாஸ்டரோட" எண்டாள்.

– என்ன... அர்ஷாத்தா?

– ஏன் நிக்கிறீங்க? பஸ் போயிரும், போய் ஏறுங்க. நாளைக்கு நம்மட வாசல்ல அவரு ஹோன் அடிக்கக்குள்ள, நான் பாத்துக்கிறன்.