சத்தம் மாறாத பிளக்

பஸ் வராததால் அமிர்தியில் ஏழு பேர் சேர்ந்து வாடகை கார் பிடித்தோம். மலையேற்றத்தில் இன்ஜின் திணறியது. டிரைவர் ஓரங்கட்டி, வண்டியை அணைக்காமலே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார்.

“இன்னா பண்றீங்க?” மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்.

“எதைப் புடுங்குனா சத்தம் மாறலையோ, அதுதாம்மா வேலை செய்யாத பிளக்கு.”

“எங்க வூட்ல அண்ணன் தம்பி நாலு பேரு. இவரு பத்து நாளு வாணியம்பாடி போய்ட்டு வந்தாரு. வூட்ல சத்தமே மாறல.”

பக்கத்திலிருந்த கணவர் மரங்களைப் பார்த்தார்.

மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தம் மாறவில்லை; டிரைவர் வண்டியை அணைத்து, அந்தப் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி மாட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சீராக ஓடியது.

“பாத்தியா? சொரண்டுனா சரியாப் பூடுது” என்றார் கணவர்.

“நானும் தெனம் சொரண்டிக்கினுதான் இருக்கேன்.”

வண்டி கிளம்பியபோது பலாப்பழம் கணவர் மடியில் இருந்தது.