கரி அள்ளும் பதினான்கு பேர்

மலேசியாவில், கூலிமிலிருந்து கரங்கான் போகும் பேருந்தில், தொழிற்சாலைச் சீருடையில் ஓர் இளைஞனும் நாற்பது வயதுப் பெண்ணும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, கப்பல்ல கரி அள்ளுற பதினாலு பேருக்கும் ஏன் பேரு வெச்சீங்க?" என்றான் அவன்.

போகப் போக விளங்கியது. சனிக்கிழமைதோறும் நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடும் கதை அது. விக்டோரியா ராணி காலம், நீராவியில் பறக்கும் கப்பல். கதையை நடத்துபவன் இவன்; விளையாடுபவர்களில் ஒருத்தி அந்தப் பெண்.

"பேரு இல்லாம எப்படிக் கூப்பிடுறது, தம்பி?"

"ஏன்க்கா கூப்பிடணும்? இந்தச் சனி பாய்லர் வெடிக்குதுலா, அவங்க சாகணும். பேரு உள்ளவங்க சட்டுனு சாக முடியாது. கடைசி வசனம் பேசிட்டுத்தான் சாகணும். அதுதான் நம்ம கேம் ரூல்."

"தெரியும். அதான் வெச்சேன்."

"பதினாலு வசனமும் நான்தான் பேசணும்! அதுல முனியாண்டிக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு வேற பார்த்து வெச்சிருக்கீங்க."

"அதையும் வசனத்துல சேர்த்துக்க."

அவன் கைப்பேசியில் பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். இரண்டு நிறுத்தங்கள் கழிந்தன.

"பாய்லர் வெடிச்சே ஆகணும்க்கா. வேற யாரைக் கொல்றது?"

"மேல்தட்டுல துரைங்க இருக்காங்கல்ல?"

"அவங்களுக்கும் பேரு இருக்கே. அவங்களும் வசனம் பேசணும்."

"பேசட்டும். மொத நாள்லேருந்து அவங்கதானே பேசிக்கிட்டு இருக்காங்க."