பீங்கான் முழுகும் வரை

விருத்தாசலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த கடைக்கார பாய் சொன்னார்: "பீங்கான்ங்கறது பாரசீக வார்த்தைம்மா. துபாய்ல என் ரூம்ல இருந்த ஈரான்காரரு சொன்னாரு. கிண்ணம்னு அர்த்தமாம்."

எதிர்ச்சீட்டில் போனையே பார்த்துக்கொண்டிருந்த பீங்கான் பொம்மைப் பட்டறைக்காரம்மா, "அப்படிங்களா பாய்" என்றார்.

"அடியில ஓட்டை போட்ட கிண்ணத்தத் தண்ணியில மிதக்க வுடுவாங்களாம். அது முழுகுற வரைக்கும் ஒருத்தரு வயலுக்குத் தண்ணி பாயும். அதுக்கு முன்ன மடைய மாத்தக் கூடாதாம்."

"எங்க சூளையும் அப்படித்தாங்க. நெருப்ப நிறுத்தி, தானா ஆறுறதுக்கு முன்ன கதவத் தொறந்தா, பொம்மையெல்லாம் டிக் டிக்குன்னு விரிசல் வுட்டுடும். நேத்து ராத்திரிதான் நெருப்ப நிறுத்துனோம்."

"ஆறட்டுமே. ஏன் பதறுறீங்க?"

"எங்க வூட்டுக்காரரு அவசரக்காரரு பாய். காலையிலேர்ந்து போன எடுக்கல."

அப்போது போன் அடித்தது. காதில் வைத்ததும் அந்தம்மா எழுந்தே விட்டார்.

"என்னங்க அது, டிக் டிக்குன்னு சத்தம்?"