கூப்பிட்டால் எரியும் விளக்கு

உங்கள் தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் சார். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் ஒரு கோடை தாங்கும். சத்தம் பழகிப்போனால் யாருக்கும் அது காதில் விழுவதில்லை. எனக்கு விழும். துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் எலெக்ட்ரிக் ஃபோர்மேனாக இருக்கிறேன். ஓர் இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் அதைப் பிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் வீடு. பிள்ளைகள் இல்லை. என் மனைவி எல்சிக்குப் போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், புத்தி பழையபடியே இருக்கிறது. ஐரீன் என்று ஒரு பெண் காலையில் வந்து குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு மத்தியானத்தோடு போய்விடுவாள். அதற்குப் பிறகு நான் வரும்வரை எல்சி தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

எங்கள் அறையில் சீக்கிரம் இருட்டிவிடும். ஜன்னலுக்கு எதிரே ரகுபதியின் வெல்டிங் ஷெட்டுச் சுவர். இருட்டு என்றால் எல்சிக்குப் பயம். விழுந்துபோன பாதி உடம்பு, பக்கத்தில் வேறு யாரோ படுத்திருப்பது போல இருக்கிறது என்பாள். சுவிட்ச் இருப்பதோ வாசல் ஓரம், அவளால் எழுந்து போக முடியாது. ஒரு நாள் நான் வந்தபோது முகத்தைத் தலையணையில் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு விளக்கு வேண்டும், அவள் கேட்ட நேரத்தில் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எனக்கு ரேடியோ வேலையும் தெரியும். மூர் மார்க்கெட்டில் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றும், கப்பலில் கழித்துப்போட்ட ரிலே ஒன்றும் வாங்கினேன்; ரிலே என்றால் செய்தி வந்ததும் தானே போட்டுக்கொள்கிற சுவிட்ச். எல்சி கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் கம்பியே இல்லாமல் செய்தி காற்றில் போகும், சுவரில் இருக்கும் ரிலே டக்கென்று பிடிக்கும், விளக்கு எரியும். மறுபடி அழுத்தினால் அணையும். 1973 தொடக்கத்தில் இந்தப் பட்டணத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்காது. பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மாதம் நன்றாக வேலை செய்தது. பிறகு விளக்கு தானாக எரிய ஆரம்பித்தது, தானாக அணைந்தது. அழுத்தும்போது எரியாது, அழுத்தாதபோது எரியும். எல்சி பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வலித்துப் போய், கடைசியில் இருட்டிலேயே கிடந்தாள்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மின்சாரம் எங்காவது பொறி விட்டால் அந்தப் பொறி ஓர் இரைச்சலைக் காற்றில் அனுப்பும். ரேடியோவில் கரகரவென்று கேட்கிறதே, அதுதான். என் ரிலே அந்த இரைச்சலை எல்சியின் பொத்தான் என்று நினைத்துக்கொள்கிறது. பொறி எங்கே என்று கண்டுபிடித்தால் போதும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரே வழிதான் உண்டு. சந்தேகப்படுகிற சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றும்போது கோளாறு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. மின்விசிறி, ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, டியூப் லைட் எல்லாவற்றையும் கழற்றினேன். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்பு ஒன்றை மட்டும் கழற்றவில்லை. அது எங்கள் வீடுகளில் ராப்பகலாக எரிகிற விளக்கு. அதை யாரும் சாமான் கணக்கில் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை.

கோளாறு நிற்கவில்லை. அப்படியானால் அது வெளியே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

ரகுபதி மீனவன். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வெல்டிங் கற்றுக்கொண்டு, படகுச் சாமான்களைப் பற்றவைத்துக் கொடுத்துவந்தான். முப்பது வயது இருக்கும். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பான், எனக்கு அது ஒத்துக்கொள்ளாது. நான் போய்ச் சொன்னபோது தலையைச் சொறிந்தான்.

"அப்டியா அண்ணாத்தே? என் மிசினு உன் வூட்டு வௌக்க போய் இஸ்துனு கீதா? அண்ணிக்கு கஸ்டம்னா நான் இன்னா சொல்லப் போறேன். இந்தப் பெரிய வெள்ளிக்கு மூணு நாளு ஷெட்ட மூட்றேன். சந்தே துக்கமா கீறப்ப நான் மட்டும் இன்னாத்துக்கு சத்தம் போடணும். நீ பாத்துக்கோ."

சொன்னபடி பெரிய வியாழக்கிழமை மத்தியானமே மூடினான். அந்த மூன்று நாளும் என் விளக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. எல்சி அழுத்தினாள், எரிந்தது. சந்தோஷத்தில் நான் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டேன். ஈஸ்டர் அன்று காலையில் ஷெட் திறந்தது, பத்து மணிக்குள் விளக்கு தானாக எரிந்தது. இதைவிடத் தெளிவான சோதனை வேறு இல்லை. நீங்களாக இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள்.

அன்றைக்குப் பூசை முடிந்து பங்குச் சாமியாரும் பட்டறை அதிகாரி ஒருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். விளக்கைக் காட்டச் சொன்னார்கள். எல்சி அழுத்தினாள், எரியவில்லை. மறுபடி அழுத்தினாள், எரியவில்லை. சரி என்று அவர்கள் கேக்கை எடுத்து வாயில் வைக்கும்போது தானாக எரிந்தது. வாழ்த்துச் சொல்ல வந்து வாசலில் நின்றுகொண்டிருந்த ரகுபதி சொன்னான்: "இன்னா அண்ணாத்தே, கவர்மெண்டு ஆபீசரு மாரி கீது உன் வௌக்கு. கூப்ட்டா வராது, கூப்டாதப்ப வந்து நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்சியும் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிய, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சிரித்ததே இல்லை. நான் கேக்கை அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அறையில் வெளிச்சம் இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்து உள்ளே போனேன். எல்சியின் கட்டிலுக்கு மேல் ஒரு நைலான் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ரகுபதி மத்தியானம் வந்து, இழுத்தால் எரிகிற சுவிட்ச் ஒன்றைச் சுவரில் அடித்து, வலைக்கயிற்றை அதில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். எல்சி எனக்குக் காட்டுவதற்காக இழுத்தாள், அணைந்தது. இழுத்தாள், எரிந்தது. சின்னப் பெண் போலத் திரும்பத் திரும்ப இழுத்தாள்.

"இது போதுங்க எனக்கு. நீங்க இன்னாத்துக்கு அதப் போட்டு நோண்டிகினு" என்றாள்.

நான் கட்டிங் பிளேயர் எடுத்துக் கயிற்றை வெட்டினேன். சுவிட்சையும் கழற்றினேன். ஒழுங்கான இணைப்பு இல்லை, ஆபத்து என்று விளக்கினேன். அவள் வலது கையைக் கொஞ்ச நேரம் மேலேயே தூக்கி வைத்திருந்தாள்.

பிறகு ரகுபதியிடம் போய், சாயங்காலங்களில் வெல்டிங் வேண்டாம் என்று சொன்னேன். அவன் மறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "வெள்ளன படகுங்கல்லாம் கடலுக்குப் போவணும் அண்ணாத்தே, சாயந்தரந்தான் வேலையே. உனுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, நீயே மிசின சரி பண்ணிக் குடுத்துடு. இந்தா சாவி" என்று இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வியாழக்கிழமை அவன் எண்ணூருக்குப் போகிற நாள். நான் லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

இரைச்சலை அடக்குகிற ஒரு சின்னச் சாமான் உண்டு. அதை மிஷினில் பொருத்தினால் பாதிக்கு மேல் குறையும். அதைச் செய்து சட்டைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். பையிலிருந்து எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, பூமிக்குள் போக வேண்டிய கம்பியைப் பூமிக்குப் போகவிடாமல், போகக்கூடாத இடத்தில் கட்டினேன். மேற்கொண்டு எப்படி என்று கேட்காதீர்கள். படித்துவிட்டு யாராவது தப்பாகச் செய்துவைத்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் மிஷினுக்குப் பூசை போடுவார்கள். அவன் மனைவி கன்னியம்மா தரையைக் கழுவிவிட்டுக் கோலம் போடுவாள். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். கற்பூரம் காட்டியதும் கன்னியம்மாதான் மெயின் சுவிட்சைப் போட வேண்டும், அவள் கைராசியில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. சுவிட்ச் போட்டு மிஷின் உறுமியதும் அவன் இரண்டு கையாலும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். எங்கள் ஜன்னலிலிருந்து வாராவாரம் பார்த்திருக்கிறேன்.

ரிப்பேர் பார்த்த கை என்று என்னையும் கூப்பிட்டிருந்தான். டீ கொடுத்தார்கள். ஈரம் படாமல் வாசற்படியிலேயே நின்று குடித்தேன். நான் பட்டறைக்குப் போட்டுப் போகிற ரப்பர் பூட்ஸ், கழற்ற நேரமாகும் என்று சொன்னேன்.

"போடு கன்னிம்மா" என்றான். போட்டாள். அவன் தொட்டான்.

அதிக நேரம் ஆகவில்லை. கன்னியம்மா ஓடிப்போய் அவனைப் பிடிக்கப் பார்த்தாள், நான்தான் தடுத்து மெயினை அணைத்தேன். அவள் உயிரைக் காப்பாற்றியது நான் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சந்து முழுக்கக் கூடியது. அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "நான் சரியாத்தானே அண்ணாத்தே போட்டேன்? தப்பாப் போட்டுட்டேனா?"

"கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கலாம் கன்னியம்மா" என்றேன்.

ஏதாவது ஒரு காரணம் இருந்தால்தான் ஜனங்கள் அமைதியாவார்கள், அதனால் சொன்னேன். கூட்டம் வருவதற்குள், அவள் அவன்மேல் விழுந்து கதறிக்கொண்டிருந்தபோதே, கம்பியையும் பழையபடி மாற்றிவிட்டேன். விபத்து என்று எழுதிக்கொண்டு உங்கள் ஆட்கள் போனார்கள். அவனுடைய அண்ணன் தம்பிகள் அவளைப் புருஷனைத் தின்ற கை என்று சொல்லி வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது எண்ணூர்க் குப்பத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்றும், வலது கையால் சோறுகூடச் சாப்பிடுவதில்லை என்றும் ஐரீன் சொன்னாள்.

ஷெட் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் என் விளக்கு தானாக எரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்தது, மறுபடி எரிந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது, சார். பதினைந்து நாள் வேலை வீணாகிவிட்டதே என்று. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்ற ஒன்றுமே மிச்சம் இல்லாதபோது ஆண்டவர் படத்தடியில் போய் நின்றேன். காதை வைத்துக் கேட்டால் ஹோல்டருக்குள் மெலிதாக ஒரு சிணுங்கல். சிவப்பு பல்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பித்தளை தேய்ந்து, சரியாகத் தொடாமல் பொறி விட்டு, கறுத்துப் போயிருந்தது.

அப்போதுதான் அந்த மூன்று நாள் எனக்குப் புரிந்தது. பெரிய வியாழன் அன்று ஐரீன் படத்தை ஊதாத் துணியால் மூடிவிட்டு அந்த விளக்கையும் அணைத்திருந்தாள். ஈஸ்டர் பூசைக்குப் பிறகுதான் ஏற்றினாள். எங்கள் வீடுகளில் வருஷா வருஷம் நடக்கிற வழக்கம். ஷெட் மூடிய அதே நாள், திறந்த அதே நாள். அதனால் என் சோதனையில் பிழை இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு சாமான் கழன்றிருந்தது, நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

ஸ்டூலில் நின்று ஹோல்டரை மாற்றிக்கொண்டே எல்சியிடம் சொன்னேன், ரகுபதி மிஷினில் ஒன்றும் இல்லை, நம் வீட்டு விளக்கில்தான் இருந்திருக்கிறது என்று. ஷெட்டில் நான் செய்த வேலையைப் பற்றி அவளிடம் எதுவும் சொன்னதில்லை.

"அப்போ அந்தப் புள்ள இன்னாத்துக்குச் செத்தான்?" என்றாள்.

வாயில் வைத்திருந்த ஸ்குரூவை எடுத்து ஹோல்டரில் முடுக்கினேன். மறுநாள் அவள் ஐரீனிடம் பேசியிருக்கிறாள், ஐரீன் நாலைந்து நாள் யோசித்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறாள். இரண்டு பேர் மீதும் எனக்கு வருத்தம் இல்லை.

ரகுபதியைக் கொன்றது நான். கன்னியம்மாவின் கை ஒரு பாவமும் அறியாது. அவளிடம் சொல்வதென்றால் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்று மட்டும்தான் எனக்குப் பிடிபடவில்லை. ஹோல்டரை மாற்றியதிலிருந்து விளக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. எங்கிருந்து அழுத்தினாலும் முதல் அழுத்திலேயே எரிகிறது. ஆனால் நேற்றுவரை நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் வீடு இருட்டாகவே கிடந்தது. பொத்தான் எல்சியின் கைக்குள்ளேதான் இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டு இருட்டில் படுத்திருப்பாள், அழுத்தமாட்டாள். பேட்டரி மாற்றிப் பார்த்தேன், ரிலேயைத் துடைத்துப் பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, சார். என்னை ஒரே ஒரு நாள் வீட்டுக்கு விட்டால் கண்டுபிடித்துச் சரி செய்துவிடுவேன்.