தேவயானி அம்மா கொடுத்த சார்ஜ்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அம்மாவின் குடும்பத்தாரே, சனிக்கிழமைக் கூட்டத்து உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தத் தாளை நானே எழுதினேன். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கோணல்மாணலாகக் கிடக்கின்றன. மெதுவாகத்தான் படிக்க வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா இருந்திருந்தால் இதைப் பார்த்து என்னைவிட அவர்தான் சந்தோஷப்பட்டிருப்பார்.

என் பெயர் கொளஞ்சிநாதன். கம்மாபுரம் பக்கம். சுரங்கத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவன். வேலை நின்ற பிறகு காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். சோறு இறங்காது. இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டர்தான், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற தேவயானி அம்மாவைப் பார்க்கச் சொன்னார். அம்மா என் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார்.

"ஷிப்ட் முடிஞ்சா நேரா வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

"அதெப்படிங்க? வர்ற ஆளுகிட்ட சார்ஜ் குடுத்துட்டுதான் போவணும். உருளை சூடாவுது, பெல்ட்டு ஒதுங்குது, பாத்துக்கன்னு சொல்லணும்."

"சொல்லாம வந்துட்டா?"

"அடுத்த ஷிப்ட்ல பத்திக்கும்ங்க."

"உங்க நெஞ்சு சூடாவுதே, அத யார்கிட்ட சார்ஜ் குடுத்தீங்க?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு நம் குடியிருப்பின் பிளாக் மன்றத்தில் சனிக்கிழமை மாலைகளில் 'சார்ஜ் கூட்டம்' தொடங்கினார். அதைக் கேள்விப்பட்டு வைத்திலிங்கம் சார் போனும் ஒயருமாக வந்து நின்றாரே, நினைவிருக்கிறதா? அம்மா சிரிக்கவே இல்லை. "போன அங்க மாட்டுங்க சார். நீங்க இங்க உக்காருங்க. ரெண்டும் ஏறட்டும்" என்றார். அன்று சார் என்ன பேசினார் என்று சொல்ல மாட்டேன். மன்றத்தில் பேசியது மன்றத்தோடு. ஆனால் போன் நிறைந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

பரீட்சை என்றாலே வாந்தி எடுத்த பிள்ளைகள், பிள்ளை பெற்ற பின் சிரிப்பை மறந்த தாய்மார்கள், என்னைப் போன்ற கிழவர்கள், எல்லோருக்கும் ஒரே பாய்தான். பேச்சில் தீராதவர்களை அவரே ஆட்டோவில் டாக்டரிடம் அழைத்துப் போனார். வெட்கப்பட்டால், "பெல்ட் அறுந்தா நீங்களேவா ஒட்டுவீங்க? அதுக்குன்னு ஆள் வரணும்ல" என்பார்.

எனக்கு வாயால் வராதது ஒன்று இருந்தது. "எழுதிக் குடுங்க" என்றார். எழுதத் தெரியாதே என்றேன். முதியோர் வகுப்பில் சேர்த்துவிட்டார். பல நாள் திணறிய பின் 'பயம்' என்று எழுதிக் காட்டினேன்.

"பாத்தீங்களா ஐயா, மூணே எழுத்து. இதுவா உங்கள சாப்பிடவிடாம பண்ணுச்சு?"

அன்று நான் சிரித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அம்மா கேட்டார்: "சனிக்கிழமை யாருங்க சார்ஜ் எடுக்கறது?" நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது மன்றம் பூட்டிக் கிடக்கிறது. இனி கூட்டம் உண்டா என்று வழியெல்லாம் கேட்கிறீர்கள்.

அம்மாவுக்கே பதில் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை நான் பாய் விரிப்பேன். 'சார்ஜ் கூட்டம்' என்று வாசல் பலகையில் என் கையாலேயே எழுதுவேன். கோணலாகத்தான் இருக்கும். ஆனால் படிக்க முடியும்.

அம்மா, சார்ஜ் எடுத்துக்கிட்டேங்க. நீங்க கெளம்புங்க.